பின்சக்கரம் வழுக்கும் விந்தை

1957-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி தொடங்கிய காலத்தில், நம் நாட்டுக் கார்கள் பெரும்பாலும் பின்சக்கரங்களால் உந்தப்பட்டவை. பின்னர் வந்த அம்பாசிடரும் அவ்வகையே. ஈரச் சாலையின் வளைவில் முடுக்கியை அழுத்தினால் காரின் வால் வெளிப்புறம் விலகும் என்பதை அக்கால ஓட்டுநர்கள் அறிவர்.

காரணம் என்ன? டயர் சாலையைப் பற்றும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. காரை முன்னே தள்ளுவதும் வளைவில் திருப்புவதும் அந்தப் பிடிப்பே. தள்ளுவதற்கே பெரும்பகுதி செலவானால் பின்சக்கரங்கள் வழுக்கும். உடனே வால் விலகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். முடுக்கியைச் சற்றே தளர்த்தலாம். அஞ்சி முழுதும் விட்டாலோ எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பிடிப்பு மேலும் குறைந்து, கார் பம்பரமாகச் சுழலும்!

ஜப்பானியப் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி 1970-களில் இவ்வழுக்கலையே உத்தியாக்கினார். கெய்ச்சி சுச்சியா அதை மலைச்சாலைகளில் பயின்று பரப்பினார். அவர் புகழ்சேர்த்த டொயோட்டா 'ஏஇ 86' 1983-இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கு வந்த மாருதி 800-ஐ உந்தியவையோ முன்சக்கரங்கள். வேகம் மிஞ்சினால் அதன் மூக்கே வளைவுக்கு வெளியே ஓடும். வால் விலகும் அனுபவம் நம் குடும்பக் கார்களில் மெல்ல அருகியது.

1997-இல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' போன்ற வீடியோ ஆட்டங்களில் அதை மீண்டும் பழகலாம். நெய்வேலி நகரியத்துச் சிறுவன் வீட்டிலிருந்தே நூறு முறை சுழன்றாலும் எவருக்கும் கீறல் படாது. இதைச் சாலையில் பழகுவது உயிரோடு விளையாடுவது. ஆனால் உண்மைக் காரில் வால் விலகுவதை முதலில் உணர்த்துவது இருக்கை. திரையிலோ கண் மட்டுமே துணை. அது கண்டு சொல்வதற்குள் கை பிந்திவிடுகிறது.