இல்லத்து மாடமும் இறைவன் கோயிலும்

திருக்கோயிற் குடமுழுக்கு நன்னாளில் வெளிவரும் மலரில் வீட்டு வழிபாட்டைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதற்குப் பெரியபுராணமே சான்று. தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், பொருள் கிட்டாமையால், நெஞ்சகத்தே கோயில் எடுத்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்கிற்கு நாள் குறித்தபோது, அந்நாளில் தாம் பூசலாரின் கோயிலில் புகவிருத்தலால் வேறு நாள் கொள்ளுமாறு இறைவன் கனவில் உணர்த்தினான் என்பது வரலாறு. மன்னன் எடுத்த கோயிலினும் அன்பன் அகத்தில் எடுத்த கோயில் முந்திற்று.

வழிபாட்டை ஆகமங்கள் இரண்டாக வகுக்கின்றன. உலகநலத்தின் பொருட்டு ஆலயத்தில் ஆசாரியர் ஆற்றுவது பரார்த்த பூசை. தன் உயிர் ஈடேறும் பொருட்டு ஒருவன் இல்லத்தில் நாள்தோறும் ஆற்றுவது ஆன்மார்த்த பூசை. ஒன்று ஊரின் கடன்; மற்றொன்று ஒவ்வொருவரின் கடன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

தமிழகத்தில் இல்ல வழிபாடு மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, மழைமூடிய மாலையில் பிச்சியரும்பு விரியும் மணத்தால் பொழுதறிந்த மகளிர், இரும்பு விளக்கில் திரியேற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுத காட்சியைக் காட்டுகின்றது. அங்கே மந்திரமும் இல்லை, புரோகிதரும் இல்லை. விளக்கும் மலரும் குவித்த கையுமே வழிபாடாயின.

பிற்காலத்தே இவ்வழிபாட்டிற்கு முறைநூல்கள் தோன்றின. 11-ஆம் நூற்றாண்டில் சோமசம்புவும், 12-ஆம் நூற்றாண்டில் தில்லையில் விளங்கிய அகோரசிவாசாரியாரும் செய்த பத்ததிகள், சைவர் நாள்தோறும் ஆற்றும் பூசையை வரையறுத்தன. பூசிப்போன், இடம், பொருள், மந்திரம், இலிங்கம் என்னும் ஐந்தையும் தூய்மை செய்தல் பஞ்சசுத்தி எனப்படும். புறத்தே மலரிடுமுன் அகத்தே பூசித்தல் வேண்டும். நெஞ்சத்தைப் பூசைக்கும், உந்தியை வேள்விக்கும், புருவ நடுவைத் தியானத்திற்கும் உரிய இடங்களாக அவை கூறும். பூசலார் செய்ததும் இவ்வகப்பூசையே அன்றோ! வைணவர்க்கும் இராமாநுசர் அருளிய நித்தியக்கிரந்தம் இல்லத்துத் திருவாராதனத்தை முறைப்படுத்திற்று.

இவ்விரு நெறியும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டையும் ஒரு தட்டில் அமர்த்தியது, ஆதிசங்கரர் வகுத்ததாகப் போற்றப்பெறும் பஞ்சாயதன பூசை. சிவனுக்கு நருமதையின் பாணலிங்கம், திருமாலுக்குக் கண்டகியின் சாளக்கிராமம், அம்பிகைக்குச் சுவர்ணமுகியின் கல், விநாயகருக்குச் சோணையாற்றின் செங்கல், சூரியனுக்குத் தஞ்சையை அடுத்த வல்லத்துப் படிகம் என ஐந்து கற்கள் அதில் இடம்பெறும். பாரத நாட்டின் நான்கு ஆறுகளும் ஒரு தமிழ் மண்ணும் ஓர் இல்லத்து மாடத்தில் கூடுகின்றன.

இவ்வொருமையே சங்கரன்கோயிலில் திருவுருவாய் நிற்கின்றது. சிவனே பெரியவன் என்ற சங்கனும், திருமாலே பெரியவன் என்ற பத்மனும் ஆகிய நாகவேந்தர் பூசல் தீர, கோமதி அன்னையின் தவத்திற்கு இரங்கி, ஆடித் திங்கள் உத்திராட நாளில் இறைவன் சங்கரநாராயணனாய்க் காட்சி தந்தான் என்கிறது தலபுராணம். அத்திருவுருவிற்குத் திருமுழுக்கு இல்லை. சந்நிதியில் உள்ள படிக இலிங்கமே திருமுழுக்கை ஏற்கின்றது. அதனை ஆதிசங்கரர் அளித்தார் என்பது தலத்தார் வழக்கு. படிக இலிங்கம் ஆன்மார்த்த பூசைக்குச் சிறந்ததாகக் கொள்ளப்படுவது. இல்லத்து மாடத்திற்குரிய அது பெருங்கோயிலின் நடுவே அமர்ந்திருத்தல் சிந்திக்கத்தக்கது.

மாடத்துப் பொருள் கோயிலில் இருப்பதுபோலவே, கோயிற் பொருள் ஒன்று மாடத்திற்குச் செல்கின்றது. அதுவே புற்றுமண். தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களுள் இது மண் தலம். உக்கிரபாண்டியன் காலத்தில் புற்றிடையே வெளிப்பட்டவர் சங்கரலிங்கப் பெருமான். அன்பர்கள் புற்றுமண்ணை நெற்றியில் அணிந்து, சிறிது முடிந்து சென்று, வீட்டில் விளக்கருகே வைக்கின்றனர். வீட்டில் பாம்போ தேளோ தோன்றின், அவற்றின் வெள்ளி உருவங்களைக் கோயிலில் செலுத்துவதாக நேர்ந்துகொள்கின்றனர்.

முறைநூல்கள் கூறும் பூசைக்குத் தீட்சை வேண்டும். வடமொழிப் பயிற்சி வேண்டும். புற்றுமண்ணை வைத்துத் தொழுவதற்கு இவை எவையும் வேண்டா. வாயிற்கதவு பலருக்கு அடைபட்டிருந்த காலமும் இந்நாட்டில் இருந்தது. அக்காலத்தே அவர்தம் குடிசை மாடமே அவர்க்குக் கோயிலாயிற்று. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் அ. வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரை உடனழைத்து மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது. அந்நாள்வரை கோயிலின் உட்புகாதவரும் இறைவனை விட்டிலர். இறைவனும் அவரை விட்டிலன். இதனை நினைக்குந்தோறும் நாணமும் வியப்பும் ஒருங்கே எழுகின்றன.

இன்று வாயில் திறந்திருக்கின்றது. ஆயின் வீட்டு மாடங்கள் பல இருண்டிருக்கின்றன. விழாவன்று கோயிலுக்கு வந்து செல்வதோடு கடன் முடிந்ததெனக் கருதுகின்றோம். ஆலயத்துக் கலசங்களுக்கு நீராட்டுதல் பன்னீராண்டுக்கு ஒருமுறை போதும். உள்ளத்தையோ நாள்தோறும் நீராட்டுதல் வேண்டும்.

குடமுழுக்குக் கண்டு இல்லம் மீளும் அன்பர் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகைப் புற்றுமண்ணோடு செல்க. மாலையில் ஓர் அகலேற்றி, ஒரு மலரிட்டு, ஒரு நாழிகை அமைதியாக இருக்க. அதற்கு மேற்பட்ட செலவு யாதும் இல்லை. சங்கரநாராயணப் பெருமானும் கோமதி அன்னையும் ஊர்நடுவே கோயில் கொண்டதுபோல் ஒவ்வோர் இல்லத்தும் எழுந்தருளி அருள்புரிவார்களாக!