முற்றத்தின் வரலாறு

வாசலைப் பெருக்கி நீர் தெளிப்பதும், வேலியோரம் இரண்டு பூஞ்செடி நடுவதும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் வரலாற்று ஆசிரியன் எழுதத் தகுந்த விஷயங்களா என்று சிலர் கேட்கக்கூடும். அரசர்களின் போர்களையும் ஆளுநர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்து பழகிய நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால், மனிதன் தன் வீட்டின் முகத்தை எவ்வாறு வைத்திருக்கிறான் என்பதிலே மூன்று கேள்விகளுக்கு விடை அடங்கியிருக்கிறது. அவன் நிற்கும் நிலம் யாருடையது? அவன் உழைப்பின் பயன் யாரைச் சேர்கிறது? நாளையும் அவன் அங்கேயே இருப்பான் என்பதற்கு என்ன உறுதி? இவை வரலாற்றின் கேள்விகள் அல்லவென்றால் வேறு எவைதாம் வரலாற்றின் கேள்விகள்?

இவற்றுக்கு விடை தேடத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் நம் தீவில் அரிது. கப்பல்களுக்குப் புகலிடமாக உலகப் புகழ் பெற்ற அந்தத் துறைமுகம், அதன் கரையில் வாழ்ந்த மக்களுக்கு எந்நாளும் புகலிடமாக இருந்ததில்லை. அங்குள்ள முற்றங்கள் அக்கதையைச் சொல்கின்றன.

முதலில் இயற்கையைக் கவனிப்போம். செடி வளர்ப்பவனுக்கு அந்த மண் அவ்வளவு தாராளமாக உதவுவதில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். ஆண்டின் மழையிற் பெரும்பங்கு அம்மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் நீண்ட வறட்சி. நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும் கச்சான் காற்று. கிணற்றில் நீர் கீழே கீழே போகும். இந்த நிலைமைக்கு ஏற்ற முற்றத்தை மக்கள் தம் அனுபவத்தாற் கண்டுபிடித்தார்கள். வெயிலைத் தாங்கும் மணல் முற்றம், நிழலுக்கு ஒரு வேம்பு, குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் வழிந்தோடும் இடத்தில் வாழை, எல்லையிலே உயிர்வேலி. மழை தொடங்கும் காலத்தில் பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கிளைகளை வெட்டிக் கதியாலாக ஊன்றினால் அவை தாமே வேர்பிடித்துத் துளிர்க்கும். கதியால்களுக்கு இடையே கிடுகு கட்டினால் வேலி நிறைவுபெறும். வேலியின் குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாகும், ஆட்டுக்குத் தீனியாகும். அழகும் பயனும் அங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. சிங்கள விவசாயியின் முற்றமும், மூதூர், கிண்ணியா முஸ்லிம் மக்களின் முற்றமும் இதே மண்ணுக்கும் இதே மழைக்கும் உட்பட்டவையே.

ஆயினும் பழமையை அப்படியே போற்றிக் கும்பிடுவோர் வரிசையில் நாம் சேர மாட்டோம். வடக்கே யாழ்ப்பாணத்தில், வழிப்போக்கன் ஒதுங்கி இளைப்பாறுவதற்கென்று கூரை வேய்ந்த சங்கடப்படலைகளை வீட்டு வாசலில் அமைத்தார்கள். அது உயர்ந்த பண்புதான். ஆனால் அதே படலைக்கு அப்பால் வரக்கூடாது என்று தடுத்து நிறுத்தப்பட்ட மனிதர்களும் அந்தச் சமூகத்தில் இருந்தார்கள். அந்த வளவின் வேலியை அடைத்தவனும் கிடுகு கட்டியவனும் பெரும்பாலும் அவர்களில் ஒருவனே. அழகிய வாசல் யாரை வரவேற்றது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேளாமல் அதன் அழகை மட்டும் பேசுவது அரைகுறை வரலாறு.

இனி அந்நியர் வருகைக்கு வருவோம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மக்களின் வழிபாட்டு வாசல் பீரங்கிகளின் வாசலாயிற்று. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1782-ஆம் ஆண்டில் மட்டும் அந்தக் கோட்டையை முதலில் ஆங்கிலேயரும், சில மாதங்களில் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் பறித்தனர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்த கோட்டையை 1795-இல் ஆங்கிலேயர் நிலையாகக் கைப்பற்றினர். 1803-இல் அதற்குத் தம் அரசகுமாரன் ஒருவனின் பெயரையும் சூட்டினர். இத்தனை மாற்றங்களிலும், கரையோரக் குடிமக்களிடம் ஒரு சொல் கேட்டவர் எவருமில்லை.

ஆங்கிலேயக் கடற்படை நிலைகொண்டபின் துறைமுகத்தைச் சுற்றிப் புதியதொரு வீட்டு முகம் தோன்றியது. அதுவே பங்களா. பரந்த நிலத்தின் நடுவே வீடு, முன்னால் வண்டி வந்து திரும்பும் வளைவுப் பாதை, அதன் நடுவே பச்சைப் புல்தரை, ஓரங்களில் குரோட்டன் செடிகள், வாயிலில் காவற்காரன். இவ்வாறு மதில் சூழ்ந்த நிலத்துக்குக் கம்பவுண்ட் என்று பெயரிட்டார்கள். இச்சொல், கிராமத்தைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. கிழக்கு நாட்டு மக்களின் ஊரைக் குறித்த சொல், துரையின் தனி வளவைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிப் போனது. ஏகாதிபத்தியத்தின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது எனலாம்.

புல்தரை இங்கிலாந்தின் மழைக்கு ஏற்றது. திருகோணமலையின் கோடையில் அது பச்சையாக இருக்கவேண்டுமானால், எவனோ ஒருவன் நாள்தோறும் கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றியாக வேண்டும். அவன் குடிசையின் முன்னே புல்லும் இல்லை, பூவும் இல்லை. இறைத்த களைப்பு மட்டுமே இருந்தது.

அந்தப் பங்களாக்களின் தூண்களில் படர்ந்து, இன்று நம் எல்லோர் வாசலிலும் பூத்துக் குலுங்கும் போகன்வில்லாவுக்கும் ஒரு கதை உண்டு. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வில்லின் பயணத்தில், தாவரவியலாளர் கொம்மர்சோன் தென் அமெரிக்காவின் பிரேசிலில் அதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளாய்ச் செடிகளையும் கருவிகளையும் சுமந்து உழைத்தவர் ழான் பாரே என்னும் பெண். கப்பலிற் பெண்களுக்கு இடமில்லை என்பதால் அவர் ஆண்வேடம் பூண்டு சென்றார். உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என்று இன்று போற்றப்படுகிறார். ஆனால் செடிக்கு வைக்கப்பட்டது தலைவரின் பெயர்; சுமந்தவளின் பெயர் அன்று.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சீனக்குடாவில் நூறளவான எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, மக்கள் பலர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினர். யாருடைய போருக்காகவோ இவர்களின் முற்றங்கள் பாழாயின. 1957 அக்டோபர் 15-ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. தேசம் மகிழ்ந்தது; மகிழ வேண்டியதே. ஆனால் துரைமார் விட்டுப்போன நிலம் உழைக்கும் மக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படவில்லை. கொடி மாறியது, முட்கம்பி மாறவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. வறியவரின் தெருவை அழகாக்குவது எப்படி? இதற்கு இரண்டு வழிகள் உண்டு என்று வரலாறு காட்டுகிறது.

ஒரு வழியைக் காட்டியவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ். 1914-இல் இந்தியா வந்து சென்னை மாகாணத்து ஊர்களை ஆராய்ந்தவர். 1921-இல் கொழும்பு நகருக்கும் திட்ட அறிக்கை எழுதியவர். பழைய தெருக்களை இடித்து நேராக்குவதை அவர் எதிர்த்தார். இருக்கும் வீடுகளைச் செப்பனிட்டு, இடைவெளிகளிலே மரம் நட்டால் போதும் என்றார். 1917-இல் இந்தூர் நகரில் அவர் ஒரு புதுமை செய்தார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாது, எந்தத் தெருவினர் தம் வீடுகளை நன்றாகத் துப்புரவு செய்து புதுப்பிக்கிறார்களோ அந்தத் தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவித்தார். நகரம் முழுவதும் குப்பையை அள்ளவும் வெள்ளையடிக்கவும் தொடங்கியது. மக்களை விரட்டாமல், மக்களைக் கொண்டே நகரை அழகாக்கும் வழி இது.

மற்ற வழியை நாமே கண்டோம். 2010-இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் நடைபாதைகள் பளபளத்தன, புல்தரைகள் விரிந்தன. கூடவே வறியோரின் வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கே வாசல் உண்டு, முற்றம் இல்லை. மனிதனை அகற்றிவிட்டு வைக்கும் பூந்தொட்டி அழகன்று. அது அகற்றலின் மேல் விரித்த திரை.

மீண்டும் துறைமுகத்துக்குத் திரும்புவோம். குடாவுக்குத் தென்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006-இல் போர் மீண்டும் மூண்டபோது அவ்வூர் மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தனர். 2007 மே மாதத்தில் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் முதலீட்டு வலயத்துக்கென்றும், 2016-இற் கைவிடப்பட்ட அனல்மின் நிலையத்துக்கென்றும், கடற்படை முகாமுக்கென்றும் அந்த மண் ஒதுக்கப்பட்டது. கிளிவெட்டி முதலிய இடங்களிலே முகாம் கொட்டில்களில் மக்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். நிலம் விடுவிக்கப்பட்டு அவர்கள் திரும்பியது 2015-இலும் 2016-இலுமே. திரும்பியவர்கள் கண்டது என்ன? வீடுகள் தரைமட்டமாகியிருந்தன, வேலிகள் மறைந்திருந்தன.

உறுதிப் பத்திரம் எரிந்துபோகலாம், தொலைந்துபோகலாம். ஆனால் நம் ஊர்களில் ஒரு வளவின் எல்லைக்கு மூத்த சாட்சி, பாட்டன் ஊன்றிய கதியாலும் பாட்டி நட்ட மாமரமும் அல்லவா? அவற்றைப் பிடுங்குவது சாட்சியைக் கொல்வதற்கு ஒப்பாகும். முகாமில் இருப்பவன் செடி நட்டால் தகரப் பேணியில்தான் நடுவான். நாளை எங்கே போகச் சொல்வார்களோ என்பது அவனுக்குத் தெரியாது. மண்ணில் நடுபவன்தான் ‘இது என் ஊர், இங்கே நான் இருப்பேன்’ என்று உலகுக்கு அறிவிக்கிறான். திரும்பி வந்த ஒரு குடும்பம் புதுவீட்டின் முன்னே ஊன்றும் ஒரு செவ்வரத்தைத் தடி வெறும் அலங்காரமன்று. அது உயிருள்ள காணி உறுதி.

ஆகவே, முற்றத்தை அழகுபடுத்துங்கள் என்று நாம் சொல்லும்போது, கடையில் விலைகொடுத்து வாங்கும் அழகைச் சொல்லவில்லை. செவ்வரத்தைக்கும் போகன்வில்லாவுக்கும் அயல்வீட்டிற் கேட்டு வாங்கிய ஒரு தடி போதும். மழை தொடங்கும்போது ஊன்றினால் பணமும் வேண்டாம், மிகுந்த நீரும் வேண்டாம். வறட்சியைத் தாங்கும் நித்தியகல்யாணியை ஏழை வீட்டுப் பூ என்று இகழ வேண்டாம். 1958-இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் அதன் இலையிலிருந்துதான் புற்றுநோய் மருந்தொன்றைப் பிரித்தெடுத்தார்கள். கோட்டைப் பக்கத்துத் தெருக்களில் உரிமையோடு உலாவும் புள்ளிமான்கள் இளந்தளிரை மேயாதிருக்கச் செடியைச் சுற்றிச் சில காலம் முள் அடைத்தல் நன்று. கடன்பட்டுச் சீமெந்து மதில் எழுப்புவதைவிட உயிர்வேலியே மேல். மதிலுக்கு மேலால் பேச இயலாது. வேலிக்கு மேலால் சுகம் விசாரிக்கலாம், குழம்பும் கைமாறலாம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. அழகு ஆரோக்கியத்தோடு சேர்ந்தே நிற்க வேண்டும். மலேரியாவால் தலைமுறை தலைமுறையாக வாடிய நம் நாடு, 2016-இல் அந்நோய் ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே டெங்கு பரவி 186,000-க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. கிண்ணியா கடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. பூந்தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரும், வேலியோரம் கிடக்கும் சிரட்டையும் நுளம்புக்குத் தொட்டில்கள். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்ப்பது பூ நடுவதற்கு ஈடான பணி. ஒருவன் முற்றத்தில் வளரும் நுளம்பு அடுத்தவன் பிள்ளையைக் கடிக்கும். ஆதலால் இது தனி வீட்டின் காரியமன்று. தெருவின் காரியம், ஊரின் காரியம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பாடசாலையில் வரலாறு கற்பிக்கும்போது கோட்டையைச் சுற்றிக் காட்டுவது நல்லதே. அத்துடன் நில்லாது, மாணவரைத் தத்தம் தெருவின் வேலிகளையும் மரங்களையும் எழுதி வரச் சொல்லலாம். இந்த மரத்தை நட்டவர் யார், எந்த ஆண்டில் இடம்பெயர்ந்தார்கள், எப்போது திரும்பினார்கள் என்று மூத்தோரிடம் கேட்டு எழுதினால், ஆளுநர்களின் பட்டியலில் காணாத சரித்திரம் அக்கொப்பிகளில் தோன்றும். நிலத்தின் மீது உரிமை, நீரின் மீது உரிமை, நாளையைப் பற்றிய நம்பிக்கை ஆகிய மூன்றும் எல்லா மக்களுக்கும் கிட்டும் நாளில், தமிழன் முற்றமும் முஸ்லிம் முற்றமும் சிங்களவன் முற்றமும் தாமாகவே பூக்கும். அந்த நாளுக்காகப் போராடுவோம். போராடிக்கொண்டே இந்த மாரியில் ஆளுக்கொரு கதியால் ஊன்றுவோம்.