பக்தாதின் ஜாதகம்

கி.பி. 762, ஜூலை 30 (ஹிஜ்ரீ 145). தஜ்லா நதிக்கரையில் அப்பாஸியரின் புதிய தலைநகருக்கு அன்று அடிக்கல் இடப்பட்டது. நாளையும் வேளையையும் குறித்துக் கொடுத்தவர்கள் மார்க்க அறிஞர்கள் அல்லர். கலீஃபா அபூ ஜஃபர் அல் மன்சூரின் அவைச் சோதிடர்களான பாரசீகர் நவ்பக்தும் யூதரான மாஷா அல்லாஹ்வும் ஆவர். பக்தாதின் பெருமையை விரித்துரைக்கும் நம்மவர்கள் இச்செய்தியைப் பெரும்பாலும் சொல்லாமல் கடந்து விடுகின்றனர். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பதே நமது கருத்து.

அவ்வேளையின் கிரகநிலையை அல் பீரூனி தமது 'அல் ஆஸாருல் பாகியா' என்னும் நூலில் காத்துத் தந்துள்ளார். கீழ்வானில் உதயமாகிக் கொண்டிருந்த ராசி கவ்ஸ், அதாவது தனுசு. அதிலேயே முஷ்தரீ என்னும் வியாழன். சோதிட மரபில் முஷ்தரீ 'அஸ்ஸஃதுல் அக்பர்', பெருஞ்சுபன். கவ்ஸ் அதன் சொந்த வீடு. குரு தனுசில் ஆட்சி பெற்றிருக்கிறார் என்று நம்மூர்ப் பஞ்சாங்கக்காரர் சொல்வதும் இதுவே. இரு மரபுகளும் கிரேக்கக் கணிப்பிலிருந்து கடன் பெற்றவை என்பதால் இவ்வொற்றுமை வியப்புக்குரியதன்று.

உதய ராசியிலேயே அதன் அதிபதி வீற்றிருப்பதால் நகரம் நெடுங்காலம் நிலைக்கும், செல்வமும் மக்களும் வந்து குவிவர் என்று பலன் கூறப்பட்டது. அத்தோடு நிற்கவில்லை. எந்தக் கலீஃபாவும் இந்நகரில் மரணமடைய மாட்டார் என்றும் சொல்லப்பட்டது. மன்சூர் அது கேட்டு மகிழ்ந்ததாகக் கதீபுல் பக்தாதீ எழுதுகிறார்.

முதலில் பலித்தது போலவே தோன்றிற்று. மன்சூர் 775இல் ஹஜ் பயணத்தில் மக்காவுக்கு அருகே இறந்தார். மஹ்தீ 785இல் மாஸபதானில், ஹாரூன் ரஷீத் 809இல் தூஸில். ஆனால் 813இல் ஹாரூனின் மகன் அமீன் பக்தாதிலேயே கொல்லப்பட்டார். 902இல் முஃததித் அதே நகரில் இறந்தார். பலித்தவற்றை எண்ணுவோர் பலிக்காதவற்றை எண்ணுவதில்லை!

மார்க்கத்தின் தீர்ப்போ இதற்கெல்லாம் முந்தியது. அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மரணமே காரணம் என மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் அடைவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுறுத்தினார்கள். தமக்குச் சாதகமான வதந்தியையே அவர்கள் மறுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1258இல் ஹுலாகு பக்தாதை நெருங்கியபோது, கலீஃபாவின் மீது கைவைத்தால் பேரிடர்கள் விளையும் என ஹுஸாமுத்தீன் என்ற சோதிடர் எச்சரித்தார். ஹுலாகு நஸீருத்தீன் தூஸீயைக் கேட்டார். வானியலில் இணையற்ற அவ்வறிஞர், அப்படி ஒன்றும் நேராது என்றார். அமீன் கொலையுண்டபோது எந்த இடரும் நேரவில்லையே என அதையே சான்றும் காட்டினார். அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை. ஆயினும் அது சொல்லப்பட்ட இடத்தை நினைக்கையில் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

பிப்ரவரியில் நகரம் வீழ்ந்தது. கலீஃபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு மராகாவில் தூஸீயின் தலைமையில் வானாய்வுக் கூடம் எழத் தொடங்கியது. அதற்கு ஹுலாகு பொருள் வழங்கியதும் சோதிடத்தை நம்பியே.