கண்ணாடிக்குள் ஓர் உடல்

கல்முனைப் புடைவைக் கடைகளின் முகப்பில் நிற்கும் பொம்மைகளை நாம் நாளும் காண்கிறோம். மருதமுனைத் தறியின் துணியை உடுத்தினும், அவை நம் மக்களின் உருவங்கள் அல்ல. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் பலரின் அவயவம் பறித்த கரை இது. அவர்களுள் ஒருவரையேனும் கண்ணாடிக்குள் நாம் கண்டதுண்டா?

சூரிச் நகர மக்கள் 2013 டிசம்பரில் கண்டார்கள். புரோ இன்பர்மிஸ் என்னும் அமைப்பு, முதுகு வளைந்தவர், கால் இழந்தவர் முதலியோரை அளந்து பொம்மைகள் செய்து, கடைவீதியில் நிறுத்தியது. தம் உருவை அவர்கள் தாமே தொட்டுப் பார்த்தனர்.

மாற்றுத்திறனாளிகளுக்குப் பொது இடங்களில் தடை கூடாதென்றது நமது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். கடைக்குள் வரலாம்; முகப்பில் நிற்கலாகாதா? நம் தையற்காரர் ஒவ்வோர் உடலையும் அளந்தே தைக்கிறார். அந்த நேர்மையை வணிகமும் கற்கட்டும்!