கட்டிப்பாலும் நுரைமெத்தையும்

ரப்பர் நுரையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் 1929இல், பர்மிங்ஹாமில் தொடங்குகிறோம். டன்லப் ஆய்வகத்தில் ஈ. ஏ. மர்ஃபியும் உடனிருந்தோரும் ரப்பர்ப்பாலை முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி, நுரை அடங்குமுன் இறுகச் செய்தனர். ஆனால் அவர்கள் கைக்குப் பால் உறையாமல் போய்ச் சேர்ந்தது எவ்வாறு என்று நாம் கேட்பதில்லை.

மரத்தை விட்டிறங்கிய பால் சில மணி நேரத்தில் திரையத் தொடங்கும். கரும்பிலிருந்து ரப்பருக்கு மாறிய கலிடோனியா போன்ற நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில், நம் முன்னோர் இருள் பிரியுமுன் பால்வெட்டப் போனதற்குக் காரணம் உண்டு: வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் தணியும், பாலோட்டம் குன்றும். மங்கிலேயே உறைந்ததைக் ‘கட்டிப்பால்’ என்றனர். அதற்கு விலையும் குறைவு. நுரைக்கோ அது உதவவே உதவாது. அம்மோனியா சேர்த்துக் காத்து, மையவிலக்கியில் சுழற்றி, ரப்பரின் பங்கை 60 விழுக்காட்டளவுக்கு உயர்த்திய பாலே நுரைமெத்தைக்கும், மருத்துவக் கையுறைக்கும், சிறுநீர் வடிகுழாய்க்கும் மூலமாயிற்று.

2001 முதல் நிபோங் திபாலில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் இன்று பல்லுறுப்பிப் பொறியியல் ஒரு பாடம். அத்துறைக்குத் தமிழ்க் கலைச்சொல் தொகுக்கும்போது ‘கட்டிப்பால்’, ‘மங்கு’ ஆகியவற்றுக்கும் இடம் கேட்கிறோம். மங்கு மலாய்மொழி தந்த சொல்தான், அதனால் என்ன?