குளிசையும் மணிக்கூடும்: வயது ஏற மருந்தின் கணக்கு மாறுவது ஏன்?

ஐம்பதைத் தாண்டிய எங்களில் பலருடைய வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கிறது. பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று. எத்தனை மில்லிகிராம் என்று கவனிக்கும் நாங்கள், எத்தனை மணிக்கு, இந்த வயதுக்கு இந்த அளவு சரியா என்று கேட்பது குறைவு.

உடலுக்குள் ஒரு மணிக்கூடு

மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம், கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து உடலின் நேரத்தைச் சரிசெய்கிறது. ஈரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றிலும் தனித்தனி மணிக்கூடுகள் உண்டு. இவற்றை இயக்கும் மரபணுக்களை ஆராய்ந்த ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஈரல் இரவில்தான் கூடுதலாகக் கொலஸ்ட்ரோலை உண்டாக்குகிறது. ஆகவே விரைவில் உடலை விட்டு நீங்கும் சிம்வாஸ்டற்றினை மாலையில் எடுக்கச் சொல்வார்கள். நீண்ட நேரம் தங்கும் அற்றோவாஸ்டற்றினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோர்ட்டிசோல் இயற்கையாகவே விடியலில் உயர்வதால், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் பொதுவாகக் காலையில் கொடுக்கப்படுகிறது. இரவில் எடுத்தால் தூக்கம் கெடும்.

பிரஷர் குளிசையை இரவில் எடுத்தால்தான் நல்லது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரித்தானியாவில் 21,104 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான 'டைம்' ஆய்வில், காலையா மாலையா என்பதால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் எடுக்கும் நேரமே நல்ல நேரம். ஆனால் சலம் போகவைக்கும் குளிசையை இரவில் எடுத்தால், இருட்டில் எழும்பி நடந்து விழ நேரிடலாம்.

வயதின் வரவு செலவு

மருந்து உள்ளே போவது வரவு, ஈரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றுவது செலவு. வயது ஏற வரவு அப்படியே இருக்க, செலவு குறைகிறது. மீதி உடலில் சேர்கிறது.

நாற்பதுக்குப் பிறகு பலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெல்லக் குறைகிறது. முதியவர்களுக்குத் தசை குறைவதால் கிரியற்றினின் அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். உடலில் நீர் குறைந்து கொழுப்பு கூடுவதால், கொழுப்பில் தங்கும் மருந்துகள் நீண்ட நேரம் நிற்கும். டயஸிபாமின் பாதி அளவு வெளியேற 20 வயதில் ஏறத்தாழ 20 மணித்தியாலம், 80 வயதில் 80 மணித்தியாலத்துக்கும் மேல் ஆகலாம். இதனால்தான் நேற்றைய தூக்கக் குளிசை இன்றைக்கும் தள்ளாட வைக்கிறது. கிளிபென்கிளமைட் போன்ற சில பழைய நீரிழிவு மருந்துகள், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

நாங்கள் செய்யக்கூடியது

ஊரில் பத்து வருடத்துக்கு முன் எழுதிய அளவையே இன்றும் தொடரும் அம்மா அப்பாவின் குளிசைகளை, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டுக் குடும்ப வைத்தியரிடமோ பாமசியிலோ காட்டுவோம். மூன்று கேள்விகள் போதும்: இது இன்னும் தேவையா? இந்தச் சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா? எந்த நேரத்தில் எடுப்பது?

இரவு வேலை செய்பவர்கள் அதையும் சொல்லவேண்டும். கோடையில் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இன்சுலின் போடுபவர்கள் ஊருக்குப் பயணம் போகமுன் நேர அட்டவணையை எழுதி வாங்குவது நல்லது.

எந்தக் குளிசையையும் நாங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. கேட்பது எங்கள் பொறுப்பு, மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு.