எலியின் மீசையும் மூளையின் படமும்

காக்கநாட்டிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் குடியேறிய நம்மவர், மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கிடங்குகளைப் பார்த்திருப்பர். விளக்கில்லாக் கிடங்கிலும் மூட்டைகளில் முட்டிக்கொள்ளாமல் எலி ஓடுகிறதல்லவா? மீசை என்றால் நமக்கு வீரம் நினைவுக்கு வரும். எலிக்கோ அது விரல். வினாடிக்குச் சுமார் எட்டுத் தடவை அதை வீசி, வழியைத் தடவியறிகிறது.

மீசை களையப்பெற்ற வெள்ளெலிகள் புதிர்ப்பாதையில் தடுமாறுவதை 1912-இல் ஸ்டெல்லா வின்சென்ட் என்ற அமெரிக்க அம்மையார் எடுத்துக்காட்டினார். ஆனால் மீசை தொட்டறிந்த செய்தி மூளையில் எங்கே சேர்கிறது?

1922-இல் ஸ்பெயின் நாட்டு லொரெந்தே தெ நோ, சுண்டெலியின் மூளைப் புறணியில் உயிரணுக்கள் கொத்துக் கொத்தாக இருப்பதை விவரித்தார். அவை மீசைக்கு உரியவை என்பது அன்று விளங்கவில்லை. 1970-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் உல்சியும் வான் டெர் லூஸும், புறணியை அதன் மேற்பரப்புக்கு இணையாக மெல்லிதாகச் சீவிப் பார்த்தனர். முகத்தில் மீசை மயிர்கள் ஐந்து வரிசையாக நிற்பதுபோலவே அங்கும் ஐந்து வரிசைகள்! பீப்பாயை ஒத்திருந்தமையால் அப்பெயரையே இட்டனர். ஒரு பெரிய மயிருக்கு ஒரு பீப்பாய்.

மயிரின் வேரிலுள்ள நரம்பு முனைகள் அசைவை உணர்கின்றன. செய்தி முக்கிளை நரம்பின் வழியே மூளைத்தண்டை அடைந்து, மறுபக்கம் கடந்து, தலாமஸ் என்னும் பகுதிக்குச் செல்கிறது. நம் வானொலியின் அஞ்சல் நிலையம் போன்றது அது. அங்கிருந்துதான் பீப்பாய்க்குப் போகிறது.

1973-இல் அவ்விருவரும் மற்றொன்று கண்டனர். பிறந்த குட்டியின் ஒரு வரிசை மீசை வேர்களை அழித்தால், மூளையில் அவ்வரிசைப் பீப்பாய்கள் உருவாகவே இல்லை. கொடிய சோதனைதான். எனினும், மூளையின் படத்தைத் தீட்டுவதில் தோலுக்கும் பங்குண்டு என்பது அதனால் தெளிவாயிற்று.

வளர்ந்த மனிதனின் படமும் மாறுமா? இவ்வினாவை ஆராய்ந்தவருள் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில், கையிழந்தோரின் கன்னத்தைப் பஞ்சினால் தொட்டார். இல்லாத விரல்களைத் தொடுவதாகச் சிலர் உணர்ந்தனர்! புறணியில் கைக்குரிய இடத்தை அடுத்தது முகத்துக்குரிய இடம். வெறுமையான இடத்துள் முகத்தின் செய்தி புகுந்துவிட்டது என்பது அவர் விளக்கம். இல்லாத கையில் தாளாத வலி என்று முறையிடுவோருக்கு இது ஏட்டாராய்ச்சியன்று. 2013-இல் வெளியான ஆய்வொன்றோ, அத்தகைய வலி மிகுந்தோரிடம் கைக்குரிய இடம் பெரிதும் குலையாமலே இருப்பதாகக் கூறியது. வழக்கு இன்னும் முடியவில்லை.